நீல வளையம் போட்ட சேவல்

அத்தியாயம் பதினான்கு

காலை ஐந்தே முக்காலுக்கு நீல வளையம் போட்ட பெட்டை கூவியது.

அக்கா பல் தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயில் நுரையோடு அப்படியே நின்றாள். பக்கத்து வீட்டுச் சேவலாக இருக்கும் என்று நினைக்க வழியில்லை, ஏனென்றால் பக்கத்து வீட்டில் சேவல் கிடையாது. அதற்கடுத்த வீட்டில் ஒரு கிளி இருக்கிறது. அது கூவாது, திட்டும்.

இரண்டாம் தடவையும் கூவியது. தொண்டை இன்னும் பழகாத, பாதியில் உடைகிற கூவல். கொல்லைக் கதவைத் திறந்து பார்த்தாள். கவிழ்த்துவைத்த வாளியின் மேல் ஏறி நின்று, கழுத்தை நீட்டி, மூன்றாம் தடவைக்குத் தயாராகிக்கொண்டிருந்தது அது. காலில் தொங்கும் கறுப்பு இறகுகளுக்கு நடுவே நீல வளையம் பளிச்சென்று தெரிந்தது.

நீலம் என்றால் பெட்டை. சிவப்பு என்றால் சேவல். வளையம் வாங்கியவள் அக்கா, மாட்டியவள் அக்கா, சட்டம் போட்டவளும் அக்காதான்.

இன்றுதான் இந்தக் குடும்பத்துக்குள் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அக்கா வளர்ப்பது சாதாரணக் கோழி அல்ல. இரண்டு கைக்குள் அடங்கிவிடும் குட்டை இனம், ஆனால் தொடையிலிருந்து விரல் நுனிவரை இறகு. நடந்தால் தரையைப் பெருக்கிக்கொண்டே போகும். தெருவில் அதற்குப் பெயர் ‘பெல்பாட்டம் கோழி’. குஞ்சாக இருக்கும்போது இதில் ஆண் எது பெண் எது என்று பெற்ற கோழிக்கே தெரியாது. பதினொரு வாரம் ஆனபிறகு, வாலுக்கு முன்னால் முதுகில் முளைக்கும் இறகை விரலால் தூக்கிப் பார்க்க வேண்டும். நுனி கூராக இருந்தால் சேவல், மழுங்கியிருந்தால் பெட்டை. அக்கா பார்ப்பாள், சொல்வாள், வளையம் மாட்டுவாள், முடிந்தது. ஒரு தடவை பார்த்ததை இன்னொரு தடவை பார்க்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. கோழியில் மட்டுமல்ல, மனிதர்களிலும் அப்படித்தான்.

அவள் கணவர் பஸ் டிரைவர். தினமும் காலையில் முதல் பஸ் வீட்டைக் கடக்கும்போது, ஜன்னல் வழியாக ஒரு வலது கை வெளியே நீளும். பின்னால் வருகிற வண்டிக்கும் அதுதான் சிக்னல், வாசலில் நிற்கிற மனைவிக்கும் அதுதான். மூன்றரை மாதத்துக்கு முன் பணிமனையில் சுருண்டு விழுந்தார். பக்கவாதம். வலது கால், பேச்சு, வலது கை மூன்றும் போயின. காலும் பேச்சும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன. கை வரவில்லை. மறுவாழ்வு இல்லத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தவர், யார் கூப்பிட்டாலும் திரும்பவில்லை.

பத்து நாளைக்கு முன்தான் மேட்ரனிடம் நயந்தும் பயந்தும் பேசி, இல்லத்தின் முற்றத்தில் மூன்று கோழிகளை விட அக்கா அனுமதி வாங்கினாள். அன்று மாலையே மனிதர் கட்டிலை விட்டு இறங்கியதைப் போன வாரம் பார்த்தோம்.

மேட்ரன் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. முப்பது பேர் படுத்திருக்கிற இடம், கூவக் கூடாது.

“மூணும் பெட்டை மேடம். நான் பார்த்தா பார்த்ததுதான். ஒரு தடவை கூவினாக்கூட மூணையும் நானே தூக்கிட்டுப் போயிடறேன். அப்புறம் ஒரு இறகுகூட உங்க வாசலைத் தாண்டாது” என்று மார்தட்டிவிட்டு வந்தவள் இவள்.

அந்த மூன்றின் காலிலும் நீல வளையம்தான்.

கோழி போனால் அவர் மறுபடி சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவார். நுரையைத் துப்பிவிட்டு, வாளி மேல் நின்ற பறவையை லபக்கென்று பிடித்து முதுகு இறகைத் தூக்கிப் பார்த்தாள். ஊசி ஊசியாகக் கூர்.

அவள் கண் தப்பவில்லை. வளையம்தான் தப்பாக இருந்தது. அந்த வீட்டில் வளையத்தைத் தொடக்கூடிய இன்னொரு ஜீவன் முன்னறையில் தூங்கிக்கொண்டிருந்தது.

முன்னறையில்தான் தங்கையின் பார்லர். ஆளுயரக் கண்ணாடி, சுழலும் நாற்காலி, தலைமுடி காயவைக்கும் மெஷின், பேஷியல் கட்டில். ராத்திரி அந்தக் கட்டிலிலேயே அவள் தூங்கிவிடுவாள்.

“எழுந்திருடி.”

“மணி என்ன?”

“கூவற மணி. இங்க பாரு. இது யாரு?”

தங்கை ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். “நீலம். பெட்டை.”

அந்த நேரம் பார்த்து அது அக்காவின் கையிலிருந்தே ஒரு கூவு கூவியது. கண்ணாடி முன்னால் வைத்திருந்த சீப்பு அதிர்ந்தது. தங்கை இரண்டு கண்ணையும் திறந்தாள்.

“உண்மையைச் சொல்லு. வளையத்தைத் தொட்டியா?”

தங்கை எழுந்து உட்கார்ந்து, தலைமுடியை அள்ளி முடிந்தாள். பதில் யோசிக்க அவளுக்கு எப்போதும் அந்த அவகாசம் வேண்டும்.

“மாமாகிட்ட கோழி அனுப்பறதுக்கு முந்தின நாள் நீ ஃபாரத்துல கையெழுத்துப் போடப் போயிருந்தே. அதுங்க காலைப் பார்த்தேன். சேறும் சகதியும். மாமா மடியில உக்காரப் போறதுங்க இப்படியா போகும்? எட்டையும் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, டிரையர் போட்டுக் காய வச்சு, கால் இறகை ஒரே அளவா டிரிம் பண்ணினேன். வளையம் இறகுக்குள்ள மாட்டிட்டு வரவே மாட்டேன்னுது. கட் பண்ணிட்டேன்.”

“எட்டையுமா?”

“எட்டையும். ஆனா புதுசு எட்டு மாட்டிட்டேன்கா. நாலு நீலம், நாலு சிவப்பு. கணக்கு சரியா இருந்துச்சு.”

“எது ஆணு எது பொண்ணுன்னு உனக்கு யாரு சொன்னா?”

“யாரும் சொல்ல வேண்டாம். குணத்தைப் பார்த்தாலே தெரியுதே.” இந்த இடத்தில் தங்கையின் குரலில் ஒரு தொழில் நிபுணரின் தெளிவு வந்தது. “நாலு, டிரையர் சூட்டுக்குக் கண்ணை மூடிட்டு அடக்க ஒடுக்கமா உக்கார்ந்துச்சு. அது பெட்டை. இன்னும் நாலு, என் கையைக் கொத்தி, நாற்காலி மேல ஏறி, ரகளை பண்ணுச்சு. அது சேவல்.”

அக்கா கண்ணாடியைக் காட்டினாள். அதில் இரண்டு பேரும் தெரிந்தார்கள், கூந்தல் கலைந்து, மூக்கு விடைத்து.

“இந்த வீட்டுல நாம ரெண்டு பொம்பளைங்க இருக்கோம். இதுல யாருடி அடக்க ஒடுக்கமா உக்கார்றது?”

தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள்.

“உங்க மாமா எட்டு வருஷமா என்ன சொல்லிட்டு இருந்தாரு? இந்த இனத்துல சேவல் பசு மாதிரி, பெட்டைதான் ராங்கின்னு. என்னைப் பார்த்துட்டே வேற சொல்லுவாரு. அது காதுல விழல?”

“அது உன்னைக் கிண்டல் பண்றார்னு நெனச்சேன்கா.”

“கிண்டலும்தான். நெசமும்தான்.”

தங்கையின் முகம் மாறியது. “அப்ப மாமாகிட்ட இருக்கற மூணும்?”

“சேவல். பொரிச்சு மூணரை மாசம் ஆகுது. இது இன்னைக்குக் கூவுச்சுன்னா அதுங்களும் கூவியிருக்கணும். மேட்ரன் ஏன் இன்னும் போன் பண்ணலைன்னுதான் புரியல.”

“போய் உண்மையைச் சொல்லிடுவோம்கா. தப்பு என்னுதுதான்னு நானே சொல்றேன்.”

“ஒண்ணும் வேண்டாம். என் தங்கச்சிக்குச் சேவலும் பெட்டையும் தெரியாதுன்னு ஊர் சிரிக்கணுமா? இன்னைக்கு புதன்கிழமை, பார்க்கற நாள். பெட்டை மூணைக் கூடையில போடு. எட்டும் ஒரே கறுப்பு. மாத்தி வச்சுட்டு வந்தா கடவுளுக்குக்கூடத் தெரியாது.”

சிவப்பு வளையம் போட்ட நான்கையும் ஒவ்வொன்றாகப் பிடித்து முதுகு இறகைப் பார்த்தாள். நான்கும் மழுங்கல், நான்கும் அவளைக் கொத்தின. கொத்துப் பட்ட விரலைச் சூப்பிக்கொண்டே அக்கா திருப்தியோடு தலையாட்டினாள். மூன்றைத் தேர்ந்தெடுத்து, சிவப்பு வளையத்தை வெட்டி நீலத்தை மாட்டினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக, ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்த்தாள்.

*

பத்து மணிக்கு இல்லத்தின் கதவு திறந்தது. நீண்ட வராந்தா, இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, நடுவில் சதுர முற்றம். எங்கே திரும்பினாலும் ‘மெதுவாகப் பேசவும்’ என்று பலகை. மேட்ரன் அந்தப் பலகைகளைவிட மெதுவாகப் பேசுவார். அதனாலேயே எல்லோருக்கும் அவரிடம் பயம்.

“வாங்க. உங்க கோழிங்க பத்து நாளா ஒரு சத்தம் போடல. நான்கூட நம்பல. நீங்க சொன்னது சரிதான்.”

அக்காவுக்கு உச்சி குளிர்ந்தது, உள்ளங்கால் சுட்டது. “நான் பார்த்தா பார்த்ததுதான் மேடம்” என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“கூடையில என்ன?”

தங்கை முந்திக்கொண்டாள். “மாமாவுக்குத் துணிமணி மேடம். மேடம், ஒண்ணு கேக்கலாமா? உங்க புருவம் இயற்கையாவே இப்படியா, இல்ல எங்கயாவது பண்றீங்களா?”

முப்பது வருட அனுபவமுள்ள மேட்ரனிடம் அதுவரை யாரும் கேட்காத கேள்வி அது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். அக்கா நழுவினாள்.

முற்றத்தின் மூலையில் கூண்டு. உள்ளே இரண்டு. முதுகைத் தூக்கிப் பார்த்தாள், இரண்டும் கூர். கையில் எடுத்தால் தூங்கிவிடும்போல அத்தனை சாதுவாக இருந்தன. இரண்டையும் கூடையில் போட்டாள், கூடையிலிருந்து இரண்டு பெட்டைகளைக் கூண்டில் விட்டாள். அவை போன வேகத்தில் தண்ணீர்க் கிண்ணத்தைக் கவிழ்த்தன. ஒரு நிமிடத்தில் வேலை முடிந்தது.

மூன்றாவது, டிரைவரின் மடியில் இருந்தது.

சக்கர நாற்காலியில், வெயில் படும் இடத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் சால்வை. சால்வைக்குக் கீழே ஒரு மேடு, ஓரத்தில் இறகு முளைத்த இரண்டு பாதங்கள் மட்டும் வெளியே. போன ஞாயிற்றுக்கிழமையும் இதே கோலம்தான். அன்று அவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்த சந்தோஷத்தில் அக்கா அழுதாளே தவிர, கோழியைப் பார்க்கவில்லை.

“என்னங்க, அதைக் கொஞ்சம் குடுங்க. குளிப்பாட்டிக் கொண்டாறேன்.”

அவர் தலையை ஆட்டினார். மாட்டேன்.

“ரெண்டு நிமிஷம்தாங்க. வேற ஒண்ணு தர்றேன். இதே மாதிரி.”

“வே... ண்டாம்.”

அக்கா பின்னால் திரும்பிப் பார்த்தாள். மேட்ரனின் புருவத்தைத் தங்கை விரலால் அளந்துகொண்டிருந்தாள். அதிக நேரம் தாங்காது. அக்கா சால்வையை விலக்கிக் கோழியை இழுத்தாள். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தாள். அப்போதும் வரவில்லை. கோழியை ஏதோ பிடித்துக்கொண்டிருந்தது.

குனிந்து பார்த்தாள்.

ஒரு கை. ஐந்து விரலும் வளைந்து, கோழியின் கழுத்தின் மேல் படிந்து, தலையை மேலே தூக்க விடாமல் பதமாக அழுத்திக்கொண்டிருந்தது. அது நன்றாக இருக்கிற இடது கை அல்ல. இடது கை நாற்காலியின் பிடியில் சும்மா கிடந்தது.

அக்கா நாற்காலியின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இது சேவல்னு... உங்களுக்குத் தெரியுமா?”

“முத... நாளே.”

எட்டு வருடமாக அக்கா தினமும் உரக்கச் சொல்லிக்கொண்டே பார்த்த பாடத்தை, காலை காபியோடு கேட்டவர் அவர். தெரியாமல் எப்படி இருக்கும்?

“அப்ப ஏன் சொல்லல?”

“சொன்னா... கொண்டு... போயிடுவாங்க.” மூச்சு வாங்கிக்கொண்டார். “கழுத்து... நீட்டினா... கூவும். பிடிச்சா... கூவாது.”

“அது ரெண்டு?”

“பெரியவன்... இவன்தான். இவன் கூவாம... அதுங்க... கூவாது.”

“விடியறப்பதானே கூவும்? அப்ப?”

“அஞ்சு மணி... இங்க வந்துடுவேன்.”

காற்று வாங்க வேண்டும் என்று இல்லத்து உதவியாளைப் பாடாய்ப் படுத்தி, தினமும் ஐந்து மணிக்கு நாற்காலியைத் தள்ளச் சொல்லி, கூண்டிலிருந்து இவனை எடுத்து மடியில் வைத்து, வெயில் ஏறும்வரை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். முதல் இரண்டு நாள் இடது கையால். அது சீக்கிரம் சோர்ந்துவிட, வலது கையைத் தூக்கி மேலே வைத்திருக்கிறார். வைத்த கை எப்போது பிடிக்க ஆரம்பித்தது என்று அவருக்கே தெரியாது. இவ்வளவையும் அவர் உடைந்த வார்த்தைகளில் சொல்லி முடிப்பதற்குள், பின்னால் ரப்பர் செருப்புச் சத்தம் வந்து நின்றுவிட்டது.

“துணிமணி கொக்கரிக்குதே” என்றார் மேட்ரன்.

கூடை குலுங்கிக்கொண்டிருந்தது. தங்கை பின்னால் நின்று, முடிந்தவரை பார்த்தேன் என்று கையை விரித்தாள்.

அக்கா எழுந்தாள். புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். கூடையில் மிச்சமிருக்கும் பெட்டையை மடியில் வைத்துவிட்டு, சேவலை எடுத்துக்கொண்டு போய்விடலாம். சொன்ன சொல் காப்பாற்றப்படும், யாருக்கும் தலைகுனிவு இல்லை. காலையில் அவள் கிளம்பியது அதற்குத்தான். ஆனால் பெட்டை கூவாது. கூவாத கோழியின் கழுத்தைப் பிடிக்க வேண்டிய அவசியம் இந்தக் கைக்கு இருக்காது.

“மேடம், நான் சொன்னது தப்பாப் போச்சு. இது சேவல்.”

தங்கை திடுக்கிட்டாள். பிறந்ததிலிருந்து அக்காவின் வாயில் அவள் கேட்காத சொல் அது. “இல்ல மேடம், அக்கா மேல தப்பில்ல, நான்தான் டிரையர் போட்டு...”

“நீ சும்மா இரு. வாக்குக் குடுத்தது நான்.”

மேட்ரன் நிதானமாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “மத்த ரெண்டு?”

“அதுவும் சேவல்தான். இப்பத்தான் மாத்தினேன். கூண்டுல இருக்கறது பெட்டை. கூடையில இன்னொரு பெட்டை இருக்கு.”

“இதுக்கு எதுக்கு இவ்வளவு நாடகம்? இன்னும் கூவலையே. இதையும் கூடையில போட்டு எடுத்துட்டுப் போங்க. பெட்டை மூணும் இருக்கட்டும்.”

தங்கை பெருமூச்சு விட்டாள். கேட்க வந்ததெல்லாம் கேட்காமலே கிடைத்துவிட்டது.

“முடியாது மேடம்” என்றாள் அக்கா.

“என்ன முடியாது?”

“பெட்டை மூணையும் வேணும்னா கொண்டுபோறேன். இது இங்க இருக்கணும்.”

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. டிரைவர் சிரித்தார். “ராங்கி” என்றார், திக்காமல் திணறாமல்.

மூன்றரை மாதமாக அந்த வார்த்தையைக் கேட்காமல் அக்காவுக்குக் காது காய்ந்துபோயிருந்தது. கண் நிறைந்து வழிந்ததை அவள் துடைக்கவும் இல்லை. சால்வையை முழுதாக விலக்கிக் காட்டினாள்.

“பாருங்க மேடம்.”

மேட்ரன் பார்த்தார். பிறகு முட்டி மடக்கி உட்கார்ந்து, அந்த விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

“யாரு எடுத்து வச்சு விட்டது?”

“யாரும் இல்ல. அவரேதான்.”

“பந்தைப் பிடிங்க, பந்தைப் பிடிங்கன்னு தினமும் உங்ககிட்டக் கெஞ்சறாங்களே” என்று அவரிடம் கேட்டார் மேட்ரன். பலகையில் எழுதியிருப்பதைவிடக் கொஞ்சம் சத்தமாகவே கேட்டார்.

“பந்து... கூவாது” என்றார் டிரைவர்.

மேட்ரன் எழுந்து நின்றார். வராந்தாவில் வரிசையாக இருந்த கதவுகளை ஒரு பார்வை பார்த்தார். அத்தனைக்கும் உள்ளே அவருடைய ஆட்கள் படுத்திருந்தார்கள்.

“எனக்கு முப்பது பேரு. உங்களுக்காக மத்த இருபத்தொம்பது பேர் தூக்கத்தைக் கெடுக்க முடியாது. அதனால இப்ப சொல்றேன். சேவல் இருக்கட்டும். ஆனா ஒரே ஒரு கூவல், பகலோ ராத்திரியோ, என் காதுல விழுந்தாப் போதும். அன்னிக்கே எல்லாம் வெளியில போகும், பெட்டை உட்பட. நாளைக் காலையில அஞ்சு மணிக்கு நானே வந்து பக்கத்துல நிப்பேன். சம்மதமா?”

அக்கா வழக்கம்போல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

“உங்களைக் கேக்கலம்மா. அவரைக் கேக்கறேன்.” மேட்ரன் அவர் முகத்துக்கு நேரே குனிந்தார். “அந்தக் கை விடாம பிடிச்சுக்குமா? சொல்லுங்க.”

டிரைவர் வார்த்தையைத் தேடினார். உதடு அசைந்தது, வரவில்லை. இன்னொரு தடவை முயன்றார், அப்போதும் வரவில்லை. வார்த்தை வராத இடத்தில், இருபது வருடமாக எந்தப் பேச்சும் இல்லாமல் ஊருக்கே பதில் சொன்ன ஒன்று அவரிடம் இருந்தது.

வலது கை எழுந்தது. மடியிலிருந்து நடுங்கிக்கொண்டே மேலே வந்தது, முழங்கை உயரம், அப்புறம் தோள் உயரம். பஸ் ஜன்னலுக்கு வெளியே நீள்வதுபோலவே நாற்காலிக்கு வெளியே நீண்டது. வண்டி கிளம்புகிறது, வழி விடுங்கள்.

“மாமா!” என்று தங்கை கத்தினாள். மேட்ரன் அவளை அதட்டவில்லை. அவரே தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். அக்கா நீண்டிருந்த அந்த வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள், காலையில் வாசலில் நிற்கிறவள் மாதிரி.

மூன்று பெண்களும் கையைப் பார்த்தார்கள். மடியை யாரும் பார்க்கவில்லை.

பத்து நாளில் முதல் தடவையாக அந்த மடியில் தலைக்கு மேல் பாரம் இல்லாத சேவல், மெல்ல எழுந்து நின்றது. கால் இறகை உதறியது. கழுத்தை நீட்டியது.